கூப்பிட்டால்தான் உள்ளே வருவார்

"பேசாதீங்க சேர். அஞ்சு நிமிசம் இறுகட்டும்."

மேல்வாய் நிறைய அச்செடுக்கும் களிம்புடன் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறேன். பளீல் கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். திரையில் பனி கொட்டுகிறது. நீண்ட கறுப்பு அங்கி போட்ட ஒருவன் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். ரஷ்யப் படம், இரத்தம் குடிக்கும் பேயின் கதை. கல்முனையில் பளீலிடம் பல் கட்டிய எவரும் இந்தப் படத்திடமிருந்து தப்பியதில்லை. அந்த ஐந்து நிமிடமும் நம் வாய் அவர் வசம் அல்லவா இருக்கிறது.

படத்தின் அடியில் ஓடுவது சிங்கள எழுத்து. கண்டியில் தொழில் பழகிய காலத்தில் படித்த சிங்களம் அவருக்கு உண்டு, வேகம்தான் இல்லை. வரிக்கு வரி நிறுத்தி, எழுத்துக் கூட்டி, தமிழில் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஓடவிடுவார். ஒன்றரை மணி நேரப் படம் வீட்டில் நாலு மணி நேரம் ஓடும். மனைவி ஹாஜறா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டே, ஒரு காட்சியும் பார்க்காமல், முழுப் படத்தையும் நாற்பத்தொரு தடவை கேட்டிருக்கிறார். முப்பத்தெட்டுத்தான் என்பது பளீலின் வாதம்.

"பல்லுதான் பிழை சேர். கம்பி இல்லாம வேட்டைப்பல்லு ரெண்டும் பல்லு முளைக்கிற முரசுல நிக்காது. கடிச்சானெண்டா பல்லு மத்தவன்ட கழுத்துல நிக்கும், இவன் பொக்கை வாயோட போவான்."

அவர் உருகுவது வேறோர் இடத்துக்கு.

"கூப்பிடாம ஒரு வீட்டுக்குள்ள போக ஏலா அவனுக்கு. கதவு திறந்து கிடந்தாலும் ஏலா. மாரி முழுக்கப் பனியில நிக்கான். கடைசில அந்த வீட்டுக்காரி 'ஃபஹதீ' எண்டுவா. உள்ளுக்கு வா எண்டு. அதுல எனக்கு அழுகை வந்திரும் சேர். அவன் நம்மட ஊர் மாப்புளதான்."

சும்மா சொல்லவில்லை. இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருபவர். பளீல் பிறந்த வீடு அவருடைய அக்காவுக்கு, ராத்தாவுக்குப் போயிற்று. நற்பிட்டிமுனையில் வாழும் வீடு ஹாஜறாவின் சீதனம். அந்த வீட்டுக்குள்தான் இப்போது அவரால் போக முடியவில்லை.

காரணம் பல். படத்தில் கண்ட பிழையைத் திருத்தியே தீருவதென்று தன் வாய்க்கு அளவெடுத்து, கம்பி வைத்து, வேட்டைப்பல் இரண்டு செய்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் படம் பார்ப்பது. போன வெள்ளி பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் ஸப்னாவைப் பார்க்க அட்டாளைச்சேனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பளீல் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, ஸலாம் சொல்லி, வாய் நிறையச் சிரித்தார். நல்ல கட்டுப்பல் வாயில் இருப்பதே போட்டவருக்குத் தெரியாது என்பது அவருடைய தொழிற்பெருமை. அன்றைக்கு அது நிரூபணமானது. மாப்பிள்ளையின் தாய் நாச்சியா கையிலிருந்த வட்டிலப்பத்தைக் கீழே போட்டார். வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். ஹாஜறா ஏறவில்லை, பேயை இறக்கிவிட்டார். "நான் கூப்பிடாம இந்தப் படியில கால் வெக்கப்படா" என்றாராம், சத்தம் போடாமல்.

ஆறு நாளாக ராத்தா வீட்டுச் சாப்பாடு, பல் நாற்காலியில் தூக்கம். மகளின் காரியத்தைத் தன் சிரிப்பே கெடுத்துவிட்டது என்ற வெட்கத்தில் மனுசன் பாதியாகிவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படத்தை மட்டும் விடவில்லை.

என் வாயில் அச்சு இறுகிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கைப்பேசி அடித்தது. நாச்சியா. பளீல் அவசரத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார்.

"அண்டைக்கு நீங்க போட்டிருந்த பல்லு கதைக்கக்குள்ள கொஞ்சமும் ஆடல்லயே. என்டது ஸலாம் சொன்னாலே முன்னுக்கு வருது. எனக்கும் ஒரு செட்டுக் கட்டித் தாங்க, கூர் வேணா." சற்று நிறுத்திச் சொன்னார்: "புள்ளட விசயத்தையும் அப்ப கதைச்சி முடிப்பம்."

பளீல் அச்சை இழுத்த வேகத்தில் மிச்சமிருந்த என் பற்களும் வந்துவிடுமோ என்று பயந்தேன். சாட்சிக்கு என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

நற்பிட்டிமுனையில் கதவு அகலத் திறந்து கிடந்தது. பளீல் படிக்கு வெளியே நின்று நாச்சியா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். உள்ளே ஹாஜறா மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மழை தூறத் தொடங்கியது.

"உள்ளுக்குப் போங்களன்" என்றேன்.

"ஏலா சேர். அவ சொல்லல்ல."

சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. அவர் அசையவில்லை. அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தது. ஹாஜறா எழுந்து, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டியபடியே சொன்னார்:

"ஃபஹதீ."

பளீல் செருப்பைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து வேட்டைப்பல் இரண்டையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு படியேறினார்.