ஆறு நாள் முந்திய படம்

போன வியாழக்கிழமை மத்தியானம் கடவுளிடம் ஒரு விநோதமான வேண்டுதல் வைத்தேன். ‘நான் எங்கேயாவது தப்புப் பண்ணியிருக்கணும் சாமி!’

நாற்பத்தாறு வயதில் யாராவது இப்படி வேண்டுவார்களா? நான் வேண்டினேன். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து.

கணவரின் வேலைக்காக நாங்கள் ஜவ்வாது மலைக்குக் குடிவந்த கதையை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அவர் இங்கே சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். ஊர் அவரை டாக்டர் ஆக்கிவிட்டது. அதனால் நான் டாக்டரம்மா. மகள் தாரணி உள்ளூர்ப் பள்ளியில் ஒன்பதாவது. அவளுடைய தோழிகள் எல்லாரும் நாங்கள் முன்பு இருந்த கண்ணமங்கலத்தில்.

பள்ளியின் ஓவிய ஆசிரியர் ஒருநாள் ஒரு காலண்டரோடு வீட்டுக்கு வந்தார். “பாருங்க மேடம். இது நம்ம ஆறாங்கிளாஸ் பவித்ரா வரைஞ்ச மயிலு. கீழ எவன் பேரையோ போட்டு வெச்சிருக்கான். இத இன்னா பண்றது?”

என்ன பண்ணுவது என்று நான் இன்டர்நெட்டில் தேடினேன். அப்படித்தான் ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டில் வந்து விழுந்தேன்.

பயப்படாதீர்கள், ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். மாணவர் வரைந்த படத்தைப் போட்டோ எடுக்க வேண்டும். அந்தப் போட்டோவுக்குக் கைரேகை மாதிரி ஒரு நீளமான எண் கிடைக்கும். ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். வரைந்தவர் பெயர், அந்த எண், பதிவான நேரம் — மூன்றையும் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் எழுதிவிடலாம். எழுதியதை யாரும் அழிக்க முடியாது, எழுதிய நானே அழிக்க முடியாது. இந்த வேலையை விதிப்படி தானாகச் செய்யும் சின்ன புரோகிராம்தான் ஸ்மார்ட் கான்ட்ராக்ட்.

தினமும் நான்கு முதல் ஆறு வரை ஆன்லைன் வகுப்பு. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது சமையலறை ஜன்னலில் மட்டும். அதுவும் ஒரு போனுக்குத்தான். இரண்டாவது போன் வந்தால் வாத்தியார் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவார். ஆகவே அந்த இரண்டு மணி நேரம் ஜன்னல் என்னுடையது.

முதல் பாடமே எனக்குப் பிடித்திருந்தது. கான்ட்ராக்ட்டுக்கு மனசாட்சி கிடையாது. நீங்கள் எதைக் கூடாது என்று எழுதவில்லையோ, அதை அது தாராளமாக அனுமதிக்கும்.

நான் எழுதிய முதல் புரோகிராம் எல்லாப் படங்களும் 1970 ஜனவரியில் வரையப்பட்டதாகச் சாதித்தது. கம்ப்யூட்டரின் நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது; அதை ஆயிரத்தால் பெருக்க மறந்திருந்தேன். “நான் பொறக்கறதுக்கு முன்னாடியே பவித்ரா மயில் வரைஞ்சிட்டாளா?” என்று கணவர் அரை மணி நேரம் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நின்று மூன்று வாரமாகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் வகுப்பில் இருந்தேன். வாசலில் கூச்சல். தாரணியைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தது பவித்ராவின் அம்மா. இருவரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். அந்த அம்மாளின் தலையில் சாமை உமி ஒட்டியிருந்தது. கொல்லையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறார்.

“பாறைக் குட்டைல வுழுந்துச்சும்மா. கையி ஒடஞ்சினு இருக்குது. சீக்கிரம் டாக்டர கூப்புடு!”

மஞ்சள் ஸ்வெட்டர் தண்ணீரில் கனத்துத் தொங்கியது. ஒரு காலில் செருப்பு. மற்றதும் செல்போனும் குட்டைக்குள்.

திருப்பத்தூரில் மாவுக்கட்டு. பிழைத்தாள். ஆனால் எங்களோடு பேசுவது அநேகமாக நின்றுவிட்டது. அங்கே எதற்குப் போனாய் என்று கேட்டால், “சும்மாதாம்மா. வழுக்கிடுச்சு” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வழுக்கியதுதானா?

பிள்ளை பெற்றவர்களுக்கு நான் அடுத்த வரியை எழுத வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கணவருக்கும் வரவில்லை. இருவரும் மாறி மாறி எழுந்துபோய் அவள் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன வியாழன் காலை பள்ளியில் ஓவியக் கண்காட்சி. சுவர் முழுக்க மயில், பேருந்து, புளியமரம். அவற்றுக்கு நடுவே ஒரு படம். பாறையின் விளிம்பில் ஒரு பெண். மஞ்சள் ஸ்வெட்டர், முதுகில் கறுப்பு நட்சத்திரம். நான் தைத்த நட்சத்திரம். ஒற்றைக் கை நேராக வானத்தை நோக்கி உயர்ந்திருந்தது, மூழ்குகிறவர்கள் கை தூக்குவார்களே, அப்படி. மணிக்கட்டோடு தாள் முடிந்துவிட்டது. தலை அண்ணாந்திருந்ததால் முகமே தெரியவில்லை. கீழே கறுப்பாகத் தண்ணீர். அவள் ஒரு காலில் மட்டும் செருப்பு.

கீழே பெயர்: பவித்ரா.

“உங்க பாப்பா வுழுந்தத பாத்துட்டு பயந்து வரைஞ்சிருப்பா மேடம். கொழந்ததான... எடுத்துடட்டுமா?” என்றார் ஆசிரியர்.

‘அப்படித்தான் இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சும்மா இருந்திருக்கலாம். பள்ளிப் படங்களை நான் பதிவுசெய்துவரும் பேரேட்டைத் திறந்தேன்.

பவித்ரா. சனிக்கிழமை, காலை 11.20.

தாரணி விழுந்தது அடுத்த வெள்ளிக்கிழமை!

ஆறு நாள்.

அப்போதுதான் அந்த வேண்டுதல். 1970 மாதிரி ஏதாவது அசட்டுத் தப்பு இருக்காதா? வரி வரியாகத் தேடினேன். இந்திய நேரக் குழப்பமா? அது ஐந்தரை மணி நேரம்தான். பிறகு யாராவது படத்தை மாற்றினார்களா? போட்டோவின் கைரேகையை மறுபடி எடுத்தேன். கடைசி எழுத்துவரை அதேதான். மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் அதேதான்.

மத்தியான வேளையிலேயே மூடுபனி ஏறி வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டது. உள்ளே தாரணி தூங்குகிறாள். திரையில் முகமில்லாத தாரணி கையைத் தூக்கி யாரையோ கூப்பிடுகிறாள்...

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால், ‘பின்னால் வரைந்திருப்பாள், தேதி தப்பாயிருக்கும்’ என்று சொல்லி நிம்மதியாகத் தூங்கப் போகலாம். எனக்கு அந்த வழி இல்லை. அந்த வழியை மெனக்கெட்டு அடைத்ததே நான்தான்.

பனிக்குள்ளேயே பவித்ரா வீட்டுக்கு நடந்தேன். கண்காட்சி நாள், பள்ளி சீக்கிரம் விட்டிருந்தது. அவள் வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“அந்தப் படம்... அக்கா விழப் போறது உனக்கு எப்படித் தெரியும் பவித்ரா?”

“எனக்கு இன்னா தெரியும்? அக்கா டெய்லி அங்கதான நிக்கும்!”

“டெய்லியா? எதுக்கு?”

“டவருக்குதான். நாலு மணிக்கு மேல வூட்ல கெடைக்காதாம். அந்தப் பாற மேல நின்னு செல்ல மேல தூக்கிப் புடிச்சா கெடைக்கும். கண்ணமங்கலத்து அக்காங்கள்ட்ட பேசினு இருக்கும். ஓரத்துக்குப் போவாதக்கான்னா கேக்கவே கேக்காது.”

வானத்தை நோக்கிய கை!

“அப்ப... ஒத்தைச் செருப்பு?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “வாரு அறுந்துபோச்சு இல்ல? ஒண்ண கையில புடிச்சினு ஏறும். நீங்க ஞாயித்துக்கெழம வாங்கித் தர்றேன்னு சொன்னீங்களாமே?”

சொன்னேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்.

வழுக்கியதுதான்! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நிம்மதியா, வெட்கமா... இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

“இதை ஏண்டி என்கிட்ட வந்து சொல்லல?”

“அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிக்கிச்சு.” மறுபடி தழையைக் கட்டத் தொடங்கினாள். “வரையக்கூடாதுன்னு சொல்லலையே. அதான் வரைஞ்சேன். நீங்கதான எல்லாப் படத்தையும் போட்டோ புடிக்கிறீங்க? பாப்பீங்கன்னு நெனச்சேன்.”

எத்தனை வகுப்புகளில் உட்கார்ந்தும் எனக்குப் பிடிபடாத அந்த முதல் பாடம், இந்தப் பதினொரு வயதுக்குப் பிடிபட்டிருக்கிறது.

நாலு முதல் ஆறு வரை ஜன்னல் இப்போது தாரணியுடையது. புதுச் செருப்பு வந்துவிட்டது. அவள் பேசவும் ஆரம்பித்திருக்கிறாள் — முக்கால்வாசி சண்டை. இருக்கட்டும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை 11.20 மட்டும் அப்படியே இருக்கிறது. அழிக்க முடியாது. அன்று முப்பத்தொரு படங்களை வரிசையாகப் போட்டோ எடுத்தேன். என் மகள் குட்டையின் விளிம்பில் நின்று கை தூக்கிய படத்தையும் இந்தக் கையால்தான் எடுத்தேன்.

எடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனமாகச் சரிபார்த்தேன்: தாளின் நாலு ஓரமும் ஃப்ரேமுக்குள் வந்துவிட்டதா என்று.