குடிலை உடைத்தது யார்?

காஜா பேராங்கில் புதிதாகக் கட்டிய எங்கள் சாரணர் குடிலுக்கு நாளை திறப்பு விழா.

"பழைய குடிலை உடைத்தது ஜப்பான்காரர்கள்" என்று வாசல் போர்டில் எழுதியது நான்தான். யாரையும் விசாரிக்கவில்லை.

இன்று மாணிக்கம் அங்கிள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தொண்ணூற்றைந்து வயது. ஜப்பான் சண்டைக்கு முன்பே இங்கே சாரணராக இருந்தவர். போர்டை இரண்டு முறை படித்தார்.

"ஜப்பான்காரன் இந்தக் குடில் பக்கமே வரல தம்பி. சாரணர் பசங்க நாங்கதான் சுவத்துப் பலகைய பேத்தோம். மரவள்ளி அவிக்க வீட்டுல விறகு இல்ல. மாத்தி எழுதிடுங்களேன்."

"விடுங்க அங்கிள், நாளைக்குத் திறந்து வைக்க டத்தோ வராரு. ஜப்பான்காரன்னு இருந்தாதான் எடுப்பா இருக்கும்."

அவர் கிளம்பும்போது இடது கையை நீட்டினார். நான் வலது கையைக் கொடுத்தேன்.

சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவன் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

போர்டைக் கழற்றிவிட்டேன். யாரிடமாவது கறுப்புப் பெயிண்ட் இருக்கிறதா? கொஞ்சம் போதும். "பசி" என்பது இரண்டே எழுத்துதான்.