மூன்றானாலும் ஐந்தானாலும்

ஊகித்துப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சுடோக்குவில் மட்டுமல்ல, பொதுவாகவே. பென்சிலும் அழிரப்பரும் இல்லாமல் கட்டத்துக்கு முன்னால் குந்துகிறவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். என் அக்காவின் கணவர், என் அத்தான், அப்படிப்பட்டவர். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பத்திரிகையில் வரும் மிகக் கடினமான கட்டத்தைப் பேனையால் நிரப்பத் தொடங்குவார்.

"அத்தான், அதிலை எட்டெண்டு எப்பிடித் தெரியும்?"

"போட்டுப் பாப்பம். பிழைச்சா அப்ப யோசிப்பம்."

பிழைக்கும். ஆனால் உடனே பிழைக்காது, அதுதான் ஊகத்தின் கெட்ட குணம். எல்லாம் அழகாகப் பொருந்திக்கொண்டே போய், கடைசி நிரையில் இரண்டு எட்டுகள் வந்து நிற்கும். எங்கே பிசகியது என்று திரும்பிப் போய்க் கண்டுபிடிக்கவும் முடியாது. அவர் சிரித்துவிட்டு அந்தத் தாளிலேயே பொரித்த மீனின் முள்ளைப் போட்டு மடிப்பார். அவர்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் கணக்குப் படிப்பிக்கிற எனக்கு அந்தச் சிரிப்பு பெரிய அவமானமாக இருக்கும்.

ஒரு மாரிகாலத்தில் அவர் மீன்பிடிக்க இரவுத் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கிடைத்தது. தீவுப் பக்கமாக மிதந்துகொண்டிருந்ததை எங்கள் குருநகர் ஆட்கள் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. அக்கா கட்டிக்கொடுத்த புட்டு பெட்டியில் தொடாமல் இருந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

அத்தானின் தாய் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். நாங்கள் மாமி என்போம். கணவரையும் கடலுக்கே கொடுத்தவர் என்பதால், மகன் செத்துப்போனான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய பயம் வேறு. பூசையும் செபமும் இல்லாமல் மகனின் ஆன்மா, மோட்சத்துக்கு முன் பாவம் கழிகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகிறதே என்ற பயம். அக்காவுக்கோ அவர் உயிரோடு இருந்தார். வேறொரு நாட்டுச் சிறையில், அல்லது நினைவு தப்பி ஏதோ ஒரு கரையில். உயிரோடு இருப்பவருக்கு மரித்தோர் பூசை கொடுப்பது அவளுக்குக் கொலை செய்வதற்குச் சமம்.

ஒரு ஞாயிறு மாமி யாரையும் கேட்காமல் பூசை கொடுத்துவிட்டார். பீடத்தில் நின்று சுவாமியார் "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்தபோது அத்தானின் பெயர் வந்தது. அக்கா எழுந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நடுவால் நடந்து வெளியே போனாள். அவளுடைய முக்காட்டுத் துணி அவள் இருந்த வாங்குப் பலகையிலேயே கிடந்தது. அன்றோடு இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. எனக்கு இருவர் மேலும் கோபம். இரண்டு பேருமே பேனையால் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒவ்வொரு விடியலும் அக்கா வாசல் படலைக்குப் பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் வைப்பாள். கடலால் வருகிற அத்தான் அதில் கால் முகம் கழுவி உப்பைப் போக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர் வராமல் போன பிறகும் வைத்தாள். பின்னேரம் அந்தத் தண்ணீர் செவ்வரத்தைச் செடிக்குப் போகும். பேய் பிசாசை நம்பாதவள் நான். ஆனாலும் அந்த வாளியைக் கடந்து ஸ்கூட்டியை இறக்கும்போது எனக்கு உடம்பு கூசும். வீட்டுக்குள் இருக்கிறபோது, யாரோ குனிந்து தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. ஈர மண்கூட இல்லை.

அந்தச் சத்தத்திலிருந்து தப்பத்தான் நான் சுடோக்குவுக்குள் ஆழமாக இறங்கினேன். மேல்மட்ட உத்திகளை ஒவ்வொன்றாகப் பழகினேன். இரண்டு நிரைகளில் நான்கு என்ற எண் வரக்கூடிய இடம் அதே இரண்டு நிரல்களில் மட்டும் இருந்தால், எந்த மூலையில் நான்கு என்று தெரியாமலே அந்த நிரல்களின் மற்றக் கட்டங்களிலிருந்து நான்கை அடித்துவிடலாம். ஒன்று தெரியாமல் இன்னொன்றைத் தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏன் ஆறுதல் என்று யோசிக்கவில்லை.

மழை பெய்த ஒரு ஞாயிறு பின்னேரம். அக்கா என் பக்கத்தில் இருந்து நெத்தலி துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி புறுபுறுக்கிறாய்?"

"இந்தக் கட்டத்திலை மூண்டோ அஞ்சோ தெரியேல்லை அக்கா."

"அப்ப போட்டுப் பாரன்."

அத்தானின் சொல். சொன்ன பிறகுதான் அவளுக்கும் அது உறைத்தது. குனிந்து அடுத்த நெத்தலியை எடுத்தாள்.

"போட்டுப் பாக்கக் கூடாது அக்கா," என்று நானே தொடங்கினேன். "மூண்டெண்டு வைச்சு மனசுக்குள்ளை போய்ப் பாத்தன். சுத்திச் சுத்தி வந்து, கீழை இந்தக் கட்டத்திலை ஏழு விழுகுது. திரும்பி வந்து அஞ்செண்டு வைச்சும் போனன். வேறை பாதையாலை போகுது, ஆனா அங்கையும் ஏழுதான்."

"அப்ப?"

"அப்ப ஏழை எழுதலாம்."

"மேலை என்னெண்டு தெரியாமலோ?"

"ஓம். தெரியத் தேவையில்லை."

அவளுடைய கை நெத்தலிச் சட்டிக்குள் நின்றது. "அது ஒருநாளும் தெரிய வராட்டி?"

சுடோக்குவில் கடைசியில் தெரிந்துவிடும், ஒரே ஒரு விடைதான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். "தெரிய வராட்டிலும் ஏழு ஏழுதான் அக்கா."

அவள் மீதி நெத்தலியைக் கழுவத் தொடங்கினாள்.

நவம்பர் தொடக்கத்தில் மரித்தோர் நாள் வந்தது. எங்கள் சனம் முழுக்கச் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிற நாள். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவில் நிற்கும் பெரிய குருசடியில் கொளுத்துவார்கள். அத்தான் வராமல் போனதிலிருந்து அக்கா அந்த நாளில் வாசலைத் தாண்டுவதே இல்லை. அன்று மெழுகுதிரியோடு என் ஸ்கூட்டியில் வந்து ஏறினாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

குருசடியில் மாமி தேங்காய்ச் சிரட்டைக்குள் திரியை மறைத்துவைத்து மழைத் தூறலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் முழந்தாளிட்டு, தன் திரியைக் கொளுத்தினாள். மாமி அவளைப் பார்த்தார்.

"ஒத்துக்கொண்டிட்டியோ பிள்ளை?"

"இல்லை மாமி." அக்கா தன் திரியை ஊன்றினாள். "உயிரோடை இருந்தா அந்தாள் எங்கையோ இருட்டுக்கை நிக்குது. செத்திருந்தாலும் இருட்டுக்கைதான் நிக்குது. மெழுகுதிரி ரெண்டுக்கும் வேணும்."

மாமியின் திரி அதற்குள் அணைந்துவிட்டது. அதை நீட்டி, அக்காவின் சுடரில் பற்றவைத்துக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டதால் மாமியும் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினார். விடியப்போகிற நேரம் எனக்கு மறுபடியும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இந்த முறை தெளிவாக, நெருக்கமாக. அக்காவாக இருக்க முடியாது, அவள் என் பக்கத்தில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

படலையடியில் மாமி குனிந்து நின்றார். வாளியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. விளிம்பில் ஒட்டியிருந்த சருகைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் காட்டிச் சத்தம் போடாதே என்றார்.

"உவள் நித்திரை கொள்ளட்டும், எழுப்பாதை," என்றார் மெதுவாக. "அவன் வந்தா கால் கழுவத் தண்ணி வேணுமெல்லே."