கைக்குக் கிடைத்த முகம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, துர்கா பூஜைக்கு இரண்டு மாதம் இருந்தபோது நடந்தது இது. ஹவுராவில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, அதன் கீழே கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் ஒரு சிஎன்சி ரவுட்டர், அவ்வளவுதான். நான் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவேன். மெஷினைக் கணவர் பார்த்துக்கொள்வார். கதவுக்குப் பூ, பூஜை மண்டபத்துக்கு மயில் என்று வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில், கையில் வெள்ளைக் கோலோடு ஒரு பெண்மணி தனியாக வந்தார். என் வயதுதான் இருக்கும். ஜாதவ்பூரில் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுக்கிறாராம். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் பேசியது வங்காளத்தில். நான் தமிழில் சொல்கிறேன், அக்கா என்று அர்த்தமுள்ள ‘தீதி’யை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

“நாப்பது பூஜை வந்து போயிடுச்சு தீதி. தாக் மேளம் தெரியும், தூப வாசனை தெரியும். துர்கா மாவோட முகம் மட்டும் தெரியாது. மண் சிலையைத் தொட விடமாட்டாங்க. மரத்துல செஞ்சு குடுங்க, நான் தொட்டுப் பாக்கணும்.”

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் அடிக்கடி போடுகிற துர்கை டிசைன் தயாராக இருந்தது. அதையே ஒரு தேக்குப் பலகையில் செதுக்கி, வழவழவென்று தேய்த்துக் கொடுத்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பாட்டு டீச்சர் அதைத் தடவினார். நெற்றியிலிருந்து காதுப்பக்கம் போன கை, அப்படியே பின்னால் போய் வெறும் பலகையில் முட்டி நின்றது.

“பின்னாடி ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டார்.

முன்பக்கம் மட்டும்தானே பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அது பார்க்கிறவர்களுக்குச் சரி என்று சிரித்தபடியே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. ஒரு மாதம் கொடுங்கள், முழுத் தலையாகச் செய்து தருகிறேன் என்றேன்.

செய்ய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு துர்கையின் பின்தலை தெரியாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒரு வருடம்கூட பந்தலுக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனாலும் கூந்தல் எப்படி இறங்குகிறது, கிரீடம் எங்கே முடிகிறது, எதுவும் தெரியவில்லை. சிலை செய்யும் தெருவுக்குப் போய், காயவைத்திருந்த மண் சிலைகளின் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். அங்கே வேலை செய்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மெஷினை ஓட்டும் நாளில் தானும் இருக்க வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தார். ஒன்றரை அடி உயரமுள்ள குமிழ் மரக் கட்டை. அதை இரண்டு முனையிலும் பிடித்துச் சுழலவிட்டோம். ‘பிட்’ என்கிற வெட்டுமுனை மேலும் கீழும் அசைந்துகொண்டே செதுக்கும். முந்தின நாளே முரட்டு வேலை முடிந்துவிட்டது. அன்று மெல்லிய பிட்டைப் போட்டு நுணுக்க வேலை. தூசிக்காக முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, நாங்கள் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் காதுக்கு அது ஒரே இரைச்சல்தான். கணவர் எப்போதும்போல காதில் அடைப்பான் மாட்டியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் என் கையைப் பிடித்து, “இப்ப மூக்கு மேல போகுதா?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பிட் மூக்கின் நுனியில்தான் இருந்தது. பிட் மேலே ஏறும்போது மோட்டார் ஒரு சுரத்தில் பாடுகிறதாம், இறங்கும்போது வேறு சுரமாம். பிறகு உதடு என்றார், மோவாய் என்றார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினோரு வருடமாக அந்த மெஷினோடு இருக்கிறோம். அது பாடுகிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

பிட் கழுத்துக்கு வந்தபோது அவர் முகம் மாறியது.

“புதுசா ஒரு சத்தம் வருது தீதி. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை. நிறுத்தச் சொல்லுங்க.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கணவரிடம் சைகை காட்டினேன். அடைப்பானை எடுத்துவிட்டுக் கேட்டார். அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பாதியில் நிறுத்தினால் மரத்தில் கோடு விழுமே என்று தயங்கினார். நான் யோசிக்கவில்லை. சிவப்பு பட்டனை அழுத்திவிட்டேன்.

கணவர் கிட்டே போய்க் கட்டையை லேசாக அசைத்தார். அது ஆடியது. ஒரு முனையைப் பிடித்திருந்த போல்ட் கழன்று, கடைசி மரையில் நின்றுகொண்டிருந்தது. கட்டை பிய்த்துக்கொண்டு போயிருந்தால் நேரே அந்த பெஞ்சுக்குத்தான் போயிருக்கும். கணவர் போல்டை இறுக்கிவிட்டு, மறுமுனை போல்டையும் முறுக்கிப் பார்த்தார். பிறகு தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி, “இனிமே இவங்களை உக்கார வெச்சிட்டுத்தான் மெஷினை ஓட்டணும் போலருக்கு” என்றார்.

பெஞ்சை எதிர்மூலைக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினோம். சாயங்காலம் வேலை முடிந்தது. தலையைத் தேய்த்துத் துடைத்து மேஜையில் வைத்தோம். டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முதலில் பின்தலையில்தான் கை வைத்தார். கூந்தல் வழியாக இறங்கி, காதைச் சுற்றி, கழுத்துக்கு வந்தார். அங்கே, நாங்கள் எவ்வளவு தேய்த்தும் போகாத மெல்லிய கோட்டில் விரலை நிறுத்தி, “இங்கதான் நிறுத்தினோம்” என்றார். அதன் பிறகே முகத்துக்குப் போனார். மோவாய், உதடு, கண்ணிமை, நெற்றியில் நிமிர்ந்திருக்கும் மூன்றாவது கண். விரல்கள் மறுபடி உதட்டுக்கு வந்தன. மறுபடி புருவத்துக்குப் போயின. எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. ஏதாவது தப்பாகிவிட்டதோ என்று எனக்குப் பயம்.

“கோபமே இல்லையே, தீதி” என்றார் மெதுவாக.

அசுரனைக் கொல்கிறவள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, புருவம் நெரித்த முகமாகத்தான் அவர் மனதில் வைத்திருந்தாராம். அந்த முகத்திடம்தான் இத்தனை வருடமும் பயந்து பயந்து வேண்டிக்கொண்டாராம். ஈட்டி அசுரன் மார்பில் இறங்கும்போது இந்த உதடு இப்படியா இருக்கும் என்று என்னிடம் கேட்டார். அந்த உதட்டை வரைந்ததே நான்தான். ஒரு மாதம் ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள். அதில் கோபம் இல்லை என்பது ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

அவர் இரண்டு கையாலும் அந்தக் கன்னங்களை ஏந்தியபடி உட்கார்ந்திருந்தார். கணவர் தூசி உறிஞ்சும் மெஷினையும் நிறுத்திவிட்டார்.

அந்த வருடம் அஷ்டமியன்று, எங்கள் தெருப் பந்தலில் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நின்றேன். ஈட்டியையும் ரத்தத்தையும் தாண்டி, அந்த அமைதியான உதடு தெரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த முகத்தை எனக்குக் காட்டியவர் ஒருமுறைகூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை என்று நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.