உடையாத போன் கேட்டு வந்தவர்கள்

போன் கடைக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது விழுந்தால் உடையாத போன் எது என்று; கடைசியில் வாங்கிப்போவது, விழுவதற்கென்றே செய்ததுபோல் வழுவழுவென்று இருக்கும் ஒன்றை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்களும் அப்படி ஒன்றைத்தான் வைத்திருப்பீர்கள். மூலையில் ஒரு கீறல் இருக்கும். பிறர் பார்க்கும்போது அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளப் பழகியிருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் சிங்கப்பூரில் பதினெட்டு வருடம் போன்களைக் கீழே போட்டுச் சம்பளம் வாங்கியவன். ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. இடுப்பு உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல், ஆறு பக்கம், எட்டு முனை என்று முறை வைத்துப் போடுவோம். எது பிழைத்தது, எது போனது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மூன்று வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு மலாக்காவுக்குத் திரும்பினேன். அப்பா வீட்டை விட்டுக் கிளம்பத் தொடங்கியிருந்தார். கிளம்பினால் திரும்பி வரும் வழி அவருக்கு நினைவில் இல்லை. என் தங்கை தேவகி ஒருத்தியால் எத்தனை நாள் அவர் பின்னாலேயே ஓட முடியும்?

தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த செல்வம், புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் போன் கடை வைத்திருக்கிறான். என்னைச் சேர்த்துக்கொண்டான். மலிவும் இல்லாமல் உச்சமும் இல்லாமல் நடுவாந்தர விலையில் உள்ள போன்கள்தான் எங்களிடம் அதிகம் போகும். அவற்றில் எது தாங்கும் என்று சொல்வது என் வேலை. சொன்னதைக் கேட்பது யாருடைய வேலையும் இல்லை.

கண்ணாடி முதுகு

ஆயர் கெரோவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒரு இளைஞர். இதுவரை மூன்று போன் உடைத்ததாகச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். நான் உற்சாகமாகிவிட்டேன். முன்னால் கண்ணாடி இருப்பதைத் தவிர்க்க முடியாது, முதுகிலும் கண்ணாடி என்றால் உடைய இரண்டு இடம் ஆகிறது, இந்த விலைக்கு பிளாஸ்டிக் முதுகும் அலுமினியச் சட்டமும் உள்ளதை எடுங்கள், திரை ஓரத்தில் வளையாமல் தட்டையாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டி முடித்துவிட்டு, முதுகில் மயில் கழுத்து நிறம் மின்னும் கண்ணாடி போனை எடுத்தார்.

பிறகு அதற்கு ஒரு உறை கேட்டார். கடையிலேயே தடிமனான கறுப்பு ரப்பர் உறை. மாட்டியதும் மயில் கழுத்தும் தெரியவில்லை, கண்ணாடியும் தெரியவில்லை, லாரி டயரின் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருப்பதுபோல் இருந்தது. இதற்கு அந்தக் கண்ணாடி எதற்குத் தம்பி என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகவே சொன்னார்:

“உள்ள கண்ணாடி இருக்குன்னு எனக்குத் தெரியும்லண்ணே. அது போதும் லா.”

அப்பாவுக்கு ஒன்று

அப்பாவுக்குப் போன் வாங்க வேண்டும் என்று முடிவானபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் இப்போது வீட்டுக்கு உதவப் போகிறது. அவர் எங்கே போனாலும் போன் சட்டைப்பையில் இருக்கும், அது இருக்கும் இடம் என் திரையில் நீலப் புள்ளியாகத் தெரியும், நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். போன் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது உடைந்தால் அப்பா காணாமல் போய்விடுவார்.

கடையில் இருந்த எல்லாவற்றையும் அலசினேன். அலுமினியச் சட்டம். சொரசொரப்பான பிளாஸ்டிக் முதுகு; கையில் வழுக்காது. திரையை விட ஒரு மயிரிழை உயர்ந்த விளிம்பு. குப்புற விழுந்தாலும் கண்ணாடி தரையில் படாது. தண்ணீர், தூசி புகாது. இரண்டு நாள் தாங்கும் பேட்டரி. வாங்கிய கையோடு கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோனேன். இடுப்பு உயரம். ஆறு பக்கம், எட்டு முனை. ஒன்றும் ஆகவில்லை. தேவகி அப்பாவின் எல்லாச் சட்டைப்பைகளுக்கும் மூடி வைத்துத் தைத்து, பொத்தானும் போட்டாள். நான் போனைப் போட்டுப் போட்டு எடுப்பதைப் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்வம் சொன்னான்:

“புது போன இப்படிப் போட்டு அடிக்கிற ஆளு இந்த வட்டாரத்துலயே நீ ஒருத்தன்தான்டா. கஸ்டமர் பாத்தா கடைய மாத்திருவான், உள்ள வா.”

பூசை போட்ட போன்

தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்யும் பரமேஸ் அக்கா, நான் சொன்னதைக் கேட்டு நான் சொன்ன போனையே வாங்கியவர். அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்காகவே அவரை மறக்க முடியாது. ஈரக்கை, சோப்புத் தண்ணீர், நீராவி எல்லாவற்றையும் யோசித்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். நாலாவது நாள் திரும்பி வந்துவிட்டார். எதிரில் பேசுகிறவர் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கிறதாம். சார்ஜும் ஏறவில்லை.

விளக்கை அடித்துப் பார்த்தேன். ஒலி வருகிற சிறு துளைகள் எல்லாம் மஞ்சளாக அடைத்துக் கிடந்தன. சார்ஜ் வாயில் கல்லாக இறுகிய சந்தனம், அதன் மேல் குங்குமம். புதுப் பொருள் வாங்கினால் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். அக்கா நாலு மூலைக்கும் தாராளமாக வைத்திருக்கிறார். பதினெட்டு வருடத்தில் நாங்கள் மணலைத் தூவிப் பார்த்திருக்கிறோம், உப்புத் தண்ணீரில் முக்கிப் பார்த்திருக்கிறோம். சந்தனத்தைப் பற்றி எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை. ஊசியால் அரை மணி நேரம் தோண்டிக்கொண்டே, இனிமேல் உறைக்கு மட்டும் பொட்டு வையுங்கள் அக்கா என்றேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

“காருக்கும்தான் வச்சேன் தம்பி, அது ஓடுதே. இது என்னா காரை விட ஒசத்தியா?”

குலை

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைப் பழம் வெட்டும் ராஜன், என்னை விட நாலைந்து வயது இளையவர். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளைத் தூக்கி, அண்ணாந்து பார்த்து வெட்டும்போது, சட்டைப்பையில் இருந்த போன் நழுவி விழுந்துவிடும். போன் இல்லாமலும் போக முடியாது. அவர் தோட்டத்தில் இப்போது காலையில் முகத்தைப் படம் எடுத்து அனுப்பினால்தான் அன்றைய கூலிக் கணக்கில் பேர் விழும். பேர் விழாவிட்டால் அன்று வெட்டியது வெட்டாததுதான்.

அப்பாவுக்கு வாங்கிய அதே ரகப் போனை அவருக்கும் கொடுத்தேன். இதே போனைத்தான் என் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லவும் செய்தேன். ஒரு மாதம் கழித்து அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்தார். விழுந்ததில் ஒன்றும் ஆகவில்லையாம். புல் மேல் நல்லபடியாகத்தான் விழுந்திருக்கிறது. குனிந்து எடுப்பதற்குள், வெட்டிய குலை மேலே இருந்து அதன் மேல் இறங்கிவிட்டது. அலுமினியச் சட்டம் வாழைமட்டைபோல் வளைந்திருந்தது. இரண்டு நாள் பேர் போயிற்று. என்மேல் அவருக்கு வருத்தம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார்:

“சிங்கப்பூர்ல போன கீழ போட்டுப் பாத்தீங்க, சரி. போன் மேல எதையாச்சும் போட்டுப் பாத்தீங்களாண்ணே?”

புள்ளி நகரவில்லை

ஒரு நாள் மத்தியானம் தேவகி கூப்பிட்டாள். துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் அப்பா இல்லை. நான் திரையைப் பார்த்தேன். நீலப் புள்ளி ரொட்டி சானாய் கடையில் நின்றது, வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அவசரப்படாமல்தான் போனேன். பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது, சிக்னல் நன்றாக இருந்தது, எல்லாம் நான் திட்டமிட்டபடி இருந்தது. கடையில் கல்லாப் பக்கத்தில், மிட்டாய்ப் போத்தலின் மேல் போன் இருந்தது. அப்பா இல்லை.

இரண்டு மணி நேரம் தேடினோம். ஆயர் கெரோ போகும் சாலையில், அவர் இருபத்திரண்டு வருடம் ஜாகாவாகக் கேட்டில் காவல் வேலை பார்த்த தொழிற்சாலை இருக்கும் திசையில், வெயிலில் நடந்துகொண்டிருந்தார். தோட்டத்தை விட்டு வந்தபிறகு அவர் பார்த்த ஒரே வேலை அது. கேட்டருகே யாராவது எதையாவது தவறவிட்டால், குடையோ சாவியோ, அப்பா எடுத்து வைத்து, எத்தனை மணிக்கு எங்கே கிடந்தது என்று காவல் புத்தகத்தில் எழுதி, உரியவர் வந்தால்தான் கொடுப்பார். பிறர் பொருள் ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லை. அன்று தேநீர் குடிக்க உட்கார்ந்தவர், சட்டைப்பையில் என்னவோ கனக்கிறதே என்று பொத்தானைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். தனக்குத் தெரியாத ஒரு போன். எழுந்துபோய் ஒப்படைத்துவிட்டார். ரொட்டிக்கடை அக்கா என்னிடம் போனைக் கொடுக்கும்போது, நான் யார் என்று தெரியாமல் அவரைப் புகழ்ந்தாள்:

“பெரியவர் ரொம்ப நேர்மைங்க. இந்தக் காலத்துல போன் கெடச்சா யாரு திருப்பிக் குடுக்குறா?”

முகப்புப் படம்

போன் அவருடையதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. அவருடைய படத்தையே முகப்பில் வைத்தேன். போன தீபாவளிக்கு வெள்ளைச் சட்டையில் எடுத்தது. கீழே தமிழில் பெரிய எழுத்தில் அவர் பெயர், கோவிந்தன். அன்று மாலை அவரிடம் காட்டியபோது சிரித்தார். புரிந்துகொண்டார் என்று தேவகியிடம் சொன்னேன். அவள் எழுந்துபோய் அவர் சட்டைப்பைப் பொத்தானை இன்னும் இறுக்கித் தைத்தாள். கூடவே இருப்பவள் அவள்தானே.

அடுத்த வாரம் கடையில் நான் மட்டும் இருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். தேவகி தெருமுனையில் ஓடி வருவது தெரிந்தது. ஆள் கிடைத்துவிட்டார், தேட வேண்டியதில்லை என்று எனக்கு ஒரு விநாடி மனம் லேசானது. அப்பா நேராக மேசைக்கு வந்து நிமிர்ந்து நின்றார். ஜாகா வேலையில் மேலாளர் முன் அப்படித்தான் நின்றிருப்பார். பொத்தானைக் கழற்றி, போனை எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். போன் படம் போட்ட கடை, ஒப்படைக்கச் சரியான இடம் என்று நினைத்திருக்க வேண்டும்.

வழியில் ஒரு தடவை கைநழுவிக் கீழே விழுந்துவிட்டது, நல்ல வேளை ஒன்றும் ஆகவில்லை, நல்ல போன், என்றார் மலாயிலும் தமிழிலுமாக. நேரத்தைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் பில் புத்தகத்தைப் பிரித்து, மணியை எழுதினேன். எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு திரையில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“வயசான ஆளு போலிருக்கு முதலாளி, பாவம். இவரக் காணோம்னு வீட்ல தேடுவாங்க, சீக்கிரம் சொல்லி அனுப்புங்க.”

உடையாத போன் இருக்கிறதா என்று இப்போது யார் கேட்டாலும், இருக்கிறது என்று அதையே எடுத்து வைக்கிறேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் யாரும் என்னிடம் கேட்டுவிடக்கூடாது.