குத்தாத ஊசி

கடத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் வார்டு ஆயா. எங்கள் ஆட்களுக்கு எதற்காவது பேர் வைக்காமல் சோறு இறங்காது. குளுக்கோஸ் மாட்டும் கம்பிக்குக் கொக்கு. எக்ஸ்ரே அறைக்குப் படக்கொட்டாய். புதிதாக வந்த ஊசிக்கும் அப்படித்தான் ஒரு பேர் வைத்தோம். மருந்து போட்டு முடித்ததும் ஓரத்திலிருக்கும் பிளாஸ்டிக் மூடியை விரலால் தள்ளினால், டிக்கென்று முனையை மூடிக்கொள்ளும். குத்தாத ஊசி என்றோம்.

மூடியைத் தள்ளினால்தான் குத்தாது என்பது பேரில் இல்லை. போகப்போக எங்கள் நினைப்பிலும் இல்லை. நிர்வாகம் பார்த்த மேடம், டாக்டரின் மனைவி, பழைய ஊசிகளைப் போடும் கெட்டி டப்பா வாங்குவதையே நிறுத்திவிட்டார். "குத்தாத ஊசிக்கு எதுக்கு டப்பா? கவர்லயே போடுங்க." சரிதானே என்று எல்லோரும் தலையாட்டினோம்.

குப்பை அள்ளியவள் பக்கத்து ஊர்க்காரி. கைக்குழந்தைக்காரி. மதியம் பால் கொடுக்க வீட்டுக்கு ஓடுவாள். "என்னப் பாத்தா கரண்டு வந்தாப்புல சிரிப்பான்க்கா" என்பாள்.

ஒருநாள் குப்பைக் கவர் தொடையில் இடிக்க இடிக்கத் தூக்கிப் போனவள், "அம்மா!" என்று நின்றாள். கவரைக் கிழித்துக்கொண்டு வந்த ஊசி, சேலையோடு சேர்த்துக் குத்தியிருந்தது. மூடி தள்ளப்படவே இல்லை. குழாய்க்குள் யாருடைய ரத்தமோ.

"அது குத்தாத ஊசிடி. எப்படிக் குத்தும்?" என்றார் மேடம்.

"குத்திருச்சுங்க மேடம். பாருங்க, ரத்தம் வருது."

"வேலைக்கு டிமிக்கி குடுக்க இது ஒரு சாக்கு."

வார்டில் ஊசி போடும் சிஸ்டர் பக்கத்திலேயே நின்றாள். "நான் மூடாம போடுவனா? இவதான் நோண்டியிருப்பா."

"குத்தாத ஊசியவே குத்த வெச்சிட்டா பாரு, கில்லாடி!" என்றான் கம்பவுண்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாததால், எய்ட்ஸ் தொற்றாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். கடைசி ரத்தச் சோதனை முடியும்வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் வேண்டாம் என்றார்கள்.

மறுநாளே வேலைக்கு வந்தாள். ஜாக்கெட் நனைந்து, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு கூட்டினாள். "நெஞ்சு கல்லாட்டம் கட்டிப்போச்சுக்கா" என்று கக்கூசுக்குள் போய்ப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவாள். சிஸ்டர் அதற்கும் ஒரு பேர் வைத்தாள். "ஏ பால்பூத்து, இங்க தொடச்சிட்டுப் போ." ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரி முழுக்க அதுதான் அவள் பேர்.

வீட்டில் அவள் வாசனை பட்டாலே பிள்ளை முட்டி முட்டி அழுததாம். அதனால் வாசலில் படுத்துக்கொண்டாள். மாமியார் பாட்டில் பால் கொடுத்து வளர்த்தாள்.

மாதங்கள் போய்க் கடைசிச் சோதனையும் வந்தது. ஒன்றுமில்லை. மேடத்திடம் காட்டினாள்.

"நான் அப்பவே சொன்னனா இல்லியா? குத்தலைன்னு இப்பவாவது ஒத்துக்கிறியா?"

அவள் சோதனைச் சீட்டை வாங்கி இடுப்பில் செருகினாள். வீட்டுக்கு ஓடினாள். துணைக்கு நானும் போனேன். நடையிலேயே உட்கார்ந்து பிள்ளையை வாரி மடியில் போட்டு மாரில் சேர்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினான்.

"குடிடா சாமி. எனக்கு ஒண்ணுமில்லடா. டாக்டரே சொல்லிட்டாங்கடா."

அவன் நெளிந்து வீறிட்டான். மாமியார் பாட்டிலோடு வந்து நின்றாள். "வுடு புள்ள, உனக்குந்தான் வத்திப்போச்சே."

பிள்ளை பாட்டிலுக்குக் கையை நீட்டினான். அவள் விடாமல் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.