வட்டக் கத்தி

அறுபதுகளில் ஒரு சாரல் நாள். குற்றாலமே குளித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தொழுநோய் குணமாகியிருந்தது. ஆனால் உதிர்ந்த புருவம் முளைக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தே எங்கள் ஊர் டீக்கடையில் எனக்குத் தனித் தம்ளர் வைத்தார்கள். பின்மண்டையிலிருந்து முடியை வேரோடு எடுத்துப் புருவத்தில் நட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எடுக்கும் கருவியைத் தீட்டுகிறவர் அங்கிருந்த கம்பவுண்டர். தலையில் எந்நேரமும் துண்டைக் கட்டியிருப்பார். கருவி என்பது பென்சில் கனத்தில் ஓர் எஃகுக் குழாய். அதன் வாய் முழுக்கக் கூர். அதைக் கல்லில் தேய்ப்பார், தன் முன்கையில் வைத்து ஒரு திருகு திருகிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார்.

“அண்ணாச்சி, அது மண்டையோட்டுக்குள்ள எறங்கிராதுல்லா?”

“தோலைத் தாண்டாது வேய்.”

“வேண்டாம், நான் ஊருக்கே போயிருதேன்” என்று எழுந்துவிட்டேன்.

அவர் துண்டை அவிழ்த்துத் திரும்பி நின்றார். பின்மண்டையில் வரிசையாக, முடியில்லாத சின்னச் சின்ன வட்டங்கள்.

“எம் புருவம் இங்கன இருந்துதான் வந்துச்சு. தலைமுடில்லா, வளந்துக்கிட்டே இருக்கும். வாராவாரம் நீரே கத்தரிச்சுக்கிடும். வேற ஆள்கிட்ட போனா நமக்கு வந்த சீக்கு ஊருக்கே தெரிஞ்சிரும்.”

அதுவரை நான் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எனக்கும் முடி பிடித்துக்கொண்டது. என்னை யாருக்கும் தெரியாத வேறு ஊரில் குடியேறினேன். ஞாயிறுதோறும் கதவைத் தாழிட்டுக்கொண்டு கத்தரிக்கிறேன். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் இன்றும் கத்தரியை ஒளித்துவிடுகிறேன். அன்றைக்கு அவர் துண்டை அவிழ்த்தபோது அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. வராந்தா முழுக்க ஆட்கள்.